தறியை ஓட்டத் தெரிந்தால் போதுமா?

சோமனூர் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் தறிச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்திலேயே வளர்ந்து பி.காம் படிக்க வந்தவர்களிடம், "தறி தானாக எப்படி நிற்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் முழிப்பார்கள்! ஓட்டும் கைப்பிடி எல்லோருக்கும் தெரியும். நிறுத்தும் பாகங்கள் தான் தெரியாது.

பனி கொட்டும் நாடுகளில் வீட்டு வாசலைச் சுத்தம் செய்ய ஸ்னோ ப்ளோயர் என்று ஒரு இயந்திரம் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அதன் கைப்பிடியை அழுத்திப் பிடித்திருக்கும் வரை தான் பனியை வாரும் திருகு சுற்றும். கையை எடுத்தால் நின்று விடும். நம்மூர் சாதா விசைத்தறி இதற்கு நேர் எதிர். கைப்பிடியைத் தள்ளினால் ஒரு வெட்டில் போய் மாட்டிக் கொள்ளும், ஆள் நகர்ந்து போனாலும் தறி ஓடிக் கொண்டே இருக்கும். ஏதாவது தப்பு நடந்தால் அந்தக் கைப்பிடியைத் தட்டி விட வேண்டியது தறி தான்.

அதற்கென்று இருப்பது தான் வெஃப்ட் ஃபோர்க். பார்க்கச் சின்ன முள்கரண்டி மாதிரி இருக்கும். ஊடை நூல் சரியாக விழுந்திருந்தால் அந்த முள்ளைத் தள்ளிச் சாய்க்கும். நூல் அறுந்தாலோ, தார் தீர்ந்தாலோ முள் சாயாது. அதன் கொக்கி பின்னால் அசையும் நெம்புகோலில் மாட்டி, கைப்பிடியை வெட்டிலிருந்து இழுத்து விடும். எவ்வளவு எளிமை! கரண்ட் வேண்டாம், சென்சார் வேண்டாம். 1842-ல் இங்கிலாந்தின் பிளாக்பர்னில் கென்வொர்த்தியும் புல்லஃபும் உருவாக்கிய லங்காஷயர் தறி, ஒரே ஆள் பல தறிகளைக் கவனிக்க வழி செய்ததற்கு இப்படித் தானாக நிற்கும் அமைப்புகளும் ஒரு காரணம்.

நாடா பாதி வழியில் நின்று விட்டால்? எதிர்ப் பெட்டிக்கு நாடா வந்து சேராவிட்டால், சில தறிகள் 'டமார்' என்று நின்று விடும். வேறு சிலவற்றில் அச்சு பின்னால் மடங்கிக் கொடுக்கும். இந்த அமைப்பு கெட்டுக் கிடந்தால், பாவுக்குள் சிக்கிய நாடா மேல் அச்சு வந்து அடிக்கும். நூற்றுக்கணக்கான இழைகள் அறுந்து, முடி போட்டு எடுப்பதற்குள் பாதி நாள் போய்விடும். டிராப்பர் இல்லாத தறியில் ஒற்றைப் பாவு இழை அறுவதைக் கண் தான் பார்க்க வேண்டும், அது வேறு.

"சும்மா சும்மா நிக்குது" என்று முள்ளைக் கட்டி வைத்து ஓட்டுவது சாமர்த்தியம் அல்ல. ஊடை இல்லாமல் தறி ஓடினால் துணியில் பட்டையாக இடைவெளி விழும். சோமனூர், பல்லடம் பகுதித் தறிகள் 2022 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டு நின்றன, 2025-லும் நின்றன. மீட்டருக்குப் பைசாக் கணக்கில் போராடி வாங்கும் கூலியைத் துணிக் குறைக்கான பிடித்தத்தில் விடலாமா? காஸ்ட் அக்கவுண்டிங்கில் நார்மல் லாஸ், அப்நார்மல் லாஸ் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, அந்த அப்நார்மல் லாஸ் இந்த முள்ளில் தான் இருக்கிறது!

புதிதாக வேலைக்கு வருபவருக்கு முதல் நாளே கைப்பிடியைத் தள்ளக் கற்றுக் கொடுப்பது தான் வழக்கம். முதலில் நிறுத்தக் கற்றுக் கொடுக்க வேண்டும். அதிலும் சிக்கிய நாடாவை எடுக்கும் போது கைப்பிடியை மட்டும் எடுத்து விட்டால் போதாது. மோட்டார் சுற்றிக் கொண்டு தான் இருக்கும், யாராவது தெரியாமல் இடித்தால் கைப்பிடி மறுபடி மாட்டிக் கொள்ளலாம். மோட்டார் சுவிட்சையும் அணைத்து, தறி முழுதாக நின்ற பிறகே உள்ளே கை விட வேண்டும்.