மூடை தூக்கிறவனுக்கு நெஞ்சு நோகாதாம்

பூவரசங்குளத்தில் மன்னார் வீதியோரத் தேநீர்க் கடையில் மாரடைப்புப் பற்றிப் பேச்சு வந்தால் தீர்ப்பும் கூடவே வரும்: "அது குந்தியிருந்து தின்னுறவைக்கு வாற வருத்தம். உடம்பு முறிஞ்சு வேலை செய்யிறவனுக்கு ஏன் வருது?" நானும் நெடுநாள் நம்பியதுதான்.

படித்தவர்கள் இதற்குச் சாட்சியும் வைத்திருக்கிறார்கள். இலண்டன் பேருந்துகளில் இருந்தபடியே ஓட்டும் சாரதிகளைவிடப் படியேறி இறங்கும் நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என்று 1953இல் ஆய்வாளர் ஜெரி மொரிஸ் காட்டினார். அத்துடன் கதையை முடித்துவிடுகிறோம். அதே மொரிஸ் 1968இல் வேறு இருவரோடு சேர்ந்து ரேயான் ஆலைத் தொழிலாளர்களின் சாவுகளைக் கணக்கெடுத்தார். அங்கே காபனிருசல்பைட்டு ஆவியைச் சுவாசித்தவர்களிடம் இதயநோய்ச் சாவு கூடியிருந்தது. அவர்கள் ஒன்றும் குந்தியிருந்து தின்றவர்கள் அல்லர்.

உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு. கொப்பன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஏறத்தாழ 10 ஆண்டு கவனித்த ஆய்வு 2021இல் வந்தது. ஓய்வு நேரத்தில் உடலை இயக்கியவர்களுக்கு மாரடைப்பு, பாரிசவாத ஆபத்துக் குறைந்திருந்தது. வேலையில் மிகக் கூடுதலாக உடலை வருத்தியவர்களுக்கு 35 வீதம் கூடியிருந்தது. மாலையில் பந்தடிப்பவன் களைத்தால் கரையில் போய் இருப்பான். நெல் ஆலையில் மூடை சுமப்பவன் லொறி நிரம்பும்வரை இருக்க முடியுமா? நாடித்துடிப்பும் பிரசரும் மணிக்கணக்காக இறங்காமல் நிற்கும். அதன்மேல் நெல் அவிக்கும் வெக்கை, இயந்திர இரைச்சல், உமிப் புகை. காற்றோட்டமில்லாத கொட்டிலில் அந்தப் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு, இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு மூடை இல்லை, டார்கெட்டும் ஓ.டி.யும் உண்டு. வாரம் 55 மணியோ அதற்கு மேலோ வேலை செய்தால், 35 முதல் 40 மணி செய்பவரைவிட இதயநோயால் சாகும் ஆபத்து 17 வீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழில் நிறுவனமும் 2021இல் சொல்லின.

முதலாளிமாருக்கு இந்த நம்பிக்கை நல்ல வசதி. தொழிலாளி விழுந்தால் அவன் பிடித்த பீடியைக் குற்றம் சொல்லலாம், ஆலையைப் பற்றி வாய் திறக்கத் தேவையில்லை. (பீடி குற்றவாளியில்லை என்று நான் சொல்லவில்லை.)

இதைவிடக் கொடுமை, தொழிலாளியே அதை நம்புவது. இடது கை உளைந்து வியர்த்துக் கொட்டினாலும் "வாய்வுக் குத்து" என்று சோடா உடைக்கச் சொல்கிறான். இதயத் தசை ஒவ்வொரு நிமிடமும் செத்துக்கொண்டிருக்கும் நேரம் அது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். சோடாவுக்குத்தான் காசு.