மீட்புச் சொற்களைக் காத்தால் மட்டும் போதுமா?

கிரிப்டோ உலகிற்குப் புதிதாக வருபவர்களிடம் காணொளிகளும் டெலிகிராம் குழுக்களும் சலிக்காமல் சொல்லிவரும் வாதம் ஒன்று உண்டு. ஏர்டிராப் என்பது ஒரு திட்டம் தன் பயனர்களுக்கு விலையின்றிப் பகிர்ந்தளிக்கும் டோக்கன்; அதற்கு எவரும் முதல் போடுவதில்லை; எனவே இழப்பதற்கும் ஒன்றுமில்லை; வாலட்டின் மீட்புச் சொற்களை, அதாவது அதன் எல்லாச் சாவிகளையும் மறுபடி உருவாக்கவல்ல 12 அல்லது 24 சொற்களை, பிறரிடம் சொல்லாதவரை எந்த இணைப்பை அழுத்தினாலும் ஆபத்தில்லை என்பதே அது. இவ்வாதத்தின் முற்பாதிக்கு வரலாற்றுச் சான்று இருக்கிறது. பிற்பாதியை நம்பித்தான் தொடக்கநிலைப் பயனர்கள் வாலட்டைப் பறிகொடுக்கிறார்கள்.

முற்பாதியை மறுப்பது நேர்மையாகாது. 2020 செப்டம்பரில் யூனிஸ்வாப் என்னும் பரிமாற்றத் தளம், அம்மாதம் முதல் தேதிக்கு முன் தன்னை ஒருமுறையேனும் பயன்படுத்திய ஒவ்வொரு முகவரிக்கும் 400 யுஎன்ஐ டோக்கன்களை ஒதுக்கியது. அன்றைய சந்தையில் அவற்றின் மதிப்பு ஆயிரம் டாலரைத் தாண்டியது. 2023 மார்ச் 23 அன்று ஆர்பிட்ரம் என்னும் வலைப்பின்னல் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகளுக்குத் தன் டோக்கனைத் திறந்துவிட்டது. இவை கட்டுக்கதைகள் அல்ல, பெற்றவர்கள் விற்றுப் பணமாக்கியதும் பிளாக்செயின் என்னும் பொதுப்பதிவேட்டில் இருக்கிறது. உண்மையான பரிசுகள் இருப்பதனால்தான் போலிப் பரிசுகளுக்கு விலைபோகும் வாய்ப்பு கிடைக்கிறது என்பதை மட்டும் இவ்வாதத்தைச் சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

மீட்புச் சொற்கள் கைவசம் இருந்தால் சொத்தும் கைவசம் இருக்கும் என்னும் கூற்று, எதீரியம் போன்ற பிளாக்செயின்களில் டோக்கன் எவ்வாறு இடம்மாறுகிறது என்பதை அறியாததன் விளைவு. 2015இல் முன்மொழியப்பட்டு இன்றுவரை பெரும்பாலான டோக்கன்கள் பின்பற்றும் இஆர்சி-20 என்னும் பொதுவிதியில், உரிமையாளர் தாமே அனுப்புவதைத் தவிர இன்னொரு வழியும் உண்டு: 'அப்ரூவ்' என்னும் கட்டளையின் மூலம் வேறொரு முகவரிக்கு, தம் டோக்கனில் இன்ன அளவு வரை எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் முன் ஒப்புதல் தரலாம். பரிமாற்றத் தளங்கள் இயங்குவதற்கு இந்த ஏற்பாடு தேவைப்படுகிறது. ஆனால் ஒப்புதல் பெற்றவர் நேர்மையற்றவராயின், அவருக்கு உரிமையாளரின் சாவியும் வேண்டாம், மீட்புச் சொற்களும் வேண்டாம். உரிமையாளர் உறங்கும் நேரத்தில், அவர் விட்டுச்சென்ற ஒப்புதலைக் காட்டியே முழுவதையும் எடுத்துவிடலாம். போலித் தளங்கள் கேட்கும் அளவு பெரும்பாலும் எல்லையற்றது. வாலட் திரையில் அது சிலவேளை 'அன்லிமிட்டட்' என்றும், சிலவேளை 115792089237 எனத் தொடங்கி 78 இலக்கங்கள் நீளும் ஓர் எண்ணாகவும் தோன்றும். அந்த எண் பிழையால் வந்ததன்று. டோக்கன் நிரல்கள் தாங்கக்கூடிய மிகப் பெரிய முழு எண் அதுவே. ஒவ்வொன்றும் தனித்தன்மை கொண்ட என்எஃப்டி வகைச் சொத்துகளுக்கோ 'செட் அப்ரூவல் ஃபார் ஆல்' என்னும் ஒரே கட்டளை, ஒரு தொகுப்பில் உள்ள அனைத்தையும் ஒரு கையொப்பத்தில் ஒப்படைத்துவிடும்.

இங்கே தொடக்கநிலைப் பயனர் மனத்தில் இருத்த வேண்டிய உண்மை மிக எளியது. டோக்கனைப் பெறுவதற்கு எவருடைய ஒப்புதலும் தேவையில்லை. எந்த முகவரிக்கும் எவரும் எதையும் அனுப்பலாம். முறையான ஏர்டிராப்பில் தகுதியுள்ள முகவரிகளும் அவற்றுக்குரிய அளவுகளும் முன்பே கணக்கிடப்பட்டு, அந்தப் பட்டியல் முழுவதன் சுருக்கமான ஒரு குறியீடு ஸ்மார்ட் கான்ட்ராக்ட்டில், அதாவது பிளாக்செயினில் தானே இயங்கும் நிரலில், பதிக்கப்பட்டிருக்கும். பயனர் 'கிளெய்ம்' கட்டளையுடன் தம் முகவரி அப்பட்டியலில் உள்ளது என்பதற்கான சான்றை அனுப்புகிறார். நிரல் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு டோக்கனைத் தருகிறது. பயனரிடமிருந்து போவது, வலைப்பின்னலைப் பயன்படுத்துவதற்கான கேஸ் கட்டணம் மட்டுமே. அன்னதானப் பந்தியில் இலை போடுவதற்கு முன் வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டால் எழுந்து வந்துவிட வேண்டியதுதான். பரிசு பெற வந்தவரிடம் அவர் முன்பே வைத்திருக்கும் டோக்கன்மீது அதிகாரம் கேட்கும் தளமும் அத்தகையதே. விதிவிலக்காக, 2024 ஜூனில் லேயர்ஜீரோ என்னும் திட்டம் தன் டோக்கன் ஒன்றுக்குப் பத்து சென்ட் வீதம் நன்கொடை செலுத்தியவர்களுக்கே அதை விடுவித்தது. ஆனால் கட்டணம் கேட்பதும் வாலட்டில் உள்ள பிற சொத்தின்மீது ஒப்புதல் கேட்பதும் ஒன்றல்ல. கட்டளையின் பெயரை நம்புவதிலும் பயனில்லை, ஏனெனில் நிரலை எழுதியவர் தம் விருப்பப்படி பெயர் வைக்கலாம். 'கிளெய்ம் ரிவார்ட்ஸ்', 'செக்யூரிட்டி அப்டேட்' என்றெல்லாம் பெயரிட்டு, வாலட்டில் உள்ள ஈதர் என்னும் எதீரியத்தின் நாணயம் முழுவதையும் உறிஞ்சிக்கொள்ளும் நிரல்கள் ஏராளமாக வலம்வந்திருக்கின்றன. திரையில் பார்க்க வேண்டியது எது வெளியே போகிறது, யாருக்கு எந்த அதிகாரம் தரப்படுகிறது என்பதையே.

இத்தகைய திருட்டை ஒரு சில குறும்பர்களின் கைவரிசை என்று கருதுவோருக்கு இன்ஃபெர்னோ டிரெய்னரின் வரலாறு போதுமானது. டிரெய்னர் என்பது, ஒரு வாலட் இணைக்கப்பட்டவுடன் அதில் உள்ள சொத்துகளை மதிப்பு வாரியாக வரிசைப்படுத்தி, எதற்கு எந்தக் கையொப்பம் கேட்டால் எளிதில் கைக்கு வரும் என்று கணித்து, அதற்கேற்ப வேண்டுகோள்களை அனுப்பும் ஆயத்த மென்பொருள். 2022 நவம்பர் முதல் 2023 நவம்பர் வரை இயங்கிய இன்ஃபெர்னோ, அம்மென்பொருளைப் போலித் தளம் நடத்துவோருக்கு வழங்கித் திருட்டில் ஐந்தில் ஒரு பங்கைத் தரகாக எடுத்துக்கொண்டது. 16,000க்கும் மேற்பட்ட இணையப் பெயர்கள் அதனுடன் தொடர்புடையவை என்றும், 8 கோடி டாலருக்கு மேல் களவுபோனது என்றும் குரூப்-ஐபி என்னும் பாதுகாப்பு நிறுவனம் கணக்கிட்டது. இத்தனையும் பெரும்பாலும், மீட்புச் சொற்களைக் கேட்காமலே, வாலட்டின் சொந்தக்காரரே இட்ட கையொப்பங்களின் வழியாக நடந்தவை.

கேஸ் கட்டணம் கேட்காத கையொப்பம் வெறும் உள்நுழைவுக்கானது, அதனால் தீங்கில்லை என்பது அடுத்த நம்பிக்கை. ஒருகாலத்தில் இதில் ஓரளவு உண்மை இருந்தது. ஆனால் 2020இல் முன்வைக்கப்பட்ட 'பெர்மிட்' என்னும் நீட்டிப்பு, மேற்சொன்ன அதே ஒப்புதலை, பிளாக்செயினில் பரிவர்த்தனையாகப் பதியாமல், ஒரு செய்தியில் கையொப்பமிடுவதன் மூலமே தரும் வழியைத் திறந்தது. கட்டணத்தை மிச்சப்படுத்துவதே அதன் நோக்கம். திருடனுக்கு அது இரட்டை ஆதாயமாயிற்று: பயனரிடம் கட்டணம் கேட்கப்படுவதில்லையாதலால் அவர் ஐயுறுவதில்லை, கையொப்பமிட்ட செய்தியைத் திருடனே பின்னர் பிளாக்செயினில் சமர்ப்பித்துக்கொள்வதால் அதுவரை எந்தத் தடயமும் தென்படுவதில்லை. எனவே செய்தியில் 'ஸ்பெண்டர்', 'வேல்யூ', 'டெட்லைன்' என்னும் சொற்கள் காணப்பட்டால், அது உள்நுழைவு அல்ல, பணம் எடுக்கும் உரிமை என்று அறிய வேண்டும். முகவரியை இணைப்பது மட்டும் என்றால், அதனால் எதுவும் பறிபோவதில்லை. வாலட்டில் என்ன இருக்கிறது என்பது எதிர்த்தரப்புக்குத் தெரியவரும், அவ்வளவே.

அதிகாரபூர்வக் கணக்கு தந்த இணைப்பு என்றால் ஐயமில்லை என்னும் அறிவுரையை, நல்லெண்ணம் கொண்டவர்களும் வழங்குகிறார்கள். ஆனால் 2022 ஏப்ரலில் போர்ட் ஏப் யாட் கிளப் என்னும் என்எஃப்டி தொகுப்பின் இன்ஸ்டாகிராம் கணக்கே கைப்பற்றப்பட்டு, அதன் வழியாகப் போலி ஏர்டிராப் இணைப்பு வெளியிடப்பட்டது. 2023 செப்டம்பரில் எதீரியத்தை உருவாக்கியவர்களுள் முதன்மையானவரான விட்டாலிக் பியூட்டெரினின் எக்ஸ் கணக்கு, அவருடைய கைபேசி எண்ணை ஏமாற்றிக் கவர்ந்ததன் மூலம் களவாடப்பட்டது. இலவச என்எஃப்டி என்று அதில் வந்த இணைப்பை நம்பியவர்கள் சில மணி நேரத்தில் சுமார் 6,90,000 டாலரை இழந்தனர். 2024 ஜனவரியில் கூகுளுக்குச் சொந்தமான மேண்டியன்ட் நிறுவனத்தின் எக்ஸ் கணக்கு ஃபேன்டம் வாலட்டின் பெயருக்கு மாற்றப்பட்டு, போலி டோக்கனை விளம்பரப்படுத்தியது. இணையப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்துக்கே இக்கதி நேர்ந்தது கவனத்துக்குரியது. இன்னும் ஒரு படி மேலே போனால், சரியான முகவரியைத் தாமே தட்டச்சு செய்து சென்றவர்களும் தப்பாத நாள் உண்டு: 2023 டிசம்பர் 14 அன்று, வாலட்டைத் தளங்களுடன் இணைக்கப் பலரும் பயன்படுத்திய லெட்ஜர் நிறுவனத்தின் நிரல்தொகுப்பில், முன்னாள் ஊழியர் ஒருவரின் கணக்கு வழியாகத் தீய நிரல் புகுத்தப்பட்டு, நாணயமான தளங்களும் சில மணி நேரம் டிரெய்னர்களாக மாறின, தந்த ஒப்புதலைத் திரும்பப் பெற உதவும் ரிவோக் கேஷ் தளமும் அவற்றுள் ஒன்று. இணைப்பின் பிறப்பிடத்தைச் சரிபார்ப்பது தேவைதான். திட்டத்தின் இணையதளம், அதன் ஆவணப் பக்கம், கணக்கு என மூன்றும் ஒரே கான்ட்ராக்ட் முகவரியைச் சொல்கின்றனவா என்று ஒப்பிடுவது இன்னும் நல்லது. ஆனால் இச்சரிபார்ப்புகள் எதுவும், கடைசித் திரையில் வரும் வேண்டுகோளைப் படிக்க வேண்டிய கடமையை நீக்கிவிடுவதில்லை.

வாலட்டில் தாமாகவே வந்து விழுந்த டோக்கன் தமக்கே உரியது, விற்றுப் பார்த்தால் என்ன என்று எண்ணுவோருக்கு 2022 ஜூலை நிகழ்வு விடை தருகிறது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முகவரிகளுக்கு, யூனிஸ்வாப்பின் பெயரைத் தாங்கிய ஒரு டோக்கன் அனுப்பப்பட்டது. பிளாக்செயின் பதிவுகளைக் காட்டும் ஈதர்ஸ்கேனில் அது யூனிஸ்வாப்பிடமிருந்தே வந்ததுபோலத் தெரியுமாறு நிகழ்வுக் குறிப்புகளும் புனையப்பட்டிருந்தன. டோக்கனின் பெயரிலேயே இருந்த இணைய முகவரிக்குச் சென்று, அதை யுஎன்ஐ ஆக மாற்றிக்கொள்ள முயன்றவர்கள், தாங்கள் தளத்தில் முதலீடு செய்திருந்த நிலைகளின்மீது ஒப்புதலை அளித்துவிட்டார்கள். ஏறத்தாழ 80 இலட்சம் டாலர் பறிபோயிற்று. அந்நேரம் பைனான்ஸ் என்னும் பரிமாற்றகத்தின் அன்றைய தலைவர்கூட யூனிஸ்வாப்பின் நிரலே உடைக்கப்பட்டுவிட்டதோ என்று எச்சரித்துப் பின்னர் திருத்திக்கொண்டார். நிரல் உடையவில்லை. எதிர்பாராமல் வந்த டோக்கனைத் தொடாமல் விட்டிருந்தால் எவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

உடனே எடுக்காவிட்டால் போய்விடும் என்னும் அவசரத்திற்கும் அடிப்படை மெலிது. ஆர்பிட்ரம் தன் டோக்கனைப் பெற ஆறு மாதம் அவகாசம் தந்தது. முதல் நாளில் நெரிசல் தாங்காமல் அதன் தளம் முடங்கியபோது மாற்று இணைப்பைத் தேடி அலைந்தவர்களே போலித் தளங்களுக்கு எளிதான இரையாகியிருப்பர். முதல் மணியில் விற்றால்தான் நல்ல விலை என்று வணிகர்கள் சொல்வது அவர்களுடைய கணக்கு. புதியவர் சில நாள் பொறுத்தால், அதற்குள் போலித் தளங்கள் பல அடையாளம் காணப்பட்டுவிடும்.

ஹார்டுவேர் வாலட் வாங்கிவிட்டால் கவலையில்லை என்பதற்கு நீண்ட மறுப்புத் தேவையில்லை. அக்கருவி சாவியைக் கணினியிலிருந்து பிரித்துக் காக்கிறது. உரிமையாளரே பொத்தானை அழுத்தித் தரும் ஒப்புதலை அது தடுப்பதில்லை.

காலியான புதிய வாலட்டில் பெற்றுக்கொள்க என்னும் அறிவுரை இவற்றைவிட மேலானது. எனினும் பாதியில் நின்றுவிடுகிறது. தகுதி பழைய முகவரிக்கே உரியது. யார் முன்பு அத்திட்டத்தைப் பயன்படுத்தினாரோ அவருடைய முகவரிதான் பட்டியலில் இருக்கும், புதிய முகவரிக்கு அங்கே இடமில்லை. எனவே செய்ய வேண்டியது தலைகீழானது: தகுதியுள்ள பழைய முகவரியிலிருந்து பிற சொத்துகளையெல்லாம் வேறு மீட்புச் சொற்களால் உருவாக்கிய இன்னொரு வாலட்டிற்கு முதலில் மாற்றிவிட்டு, கேஸ் கட்டணத்துக்கான சிறு தொகையை மட்டும் விட்டுவைத்துப் பரிசைப் பெற வேண்டும்; பெற்றதையும் உடனே புதிய வாலட்டிற்கு நகர்த்த வேண்டும். பழைய முகவரியில் பின்னாளில் பணம் போடுவதையும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் எல்லையற்ற ஒப்புதல் ஒன்று அங்கே மறந்துபோய்க் கிடந்தால், இன்று எடுக்க ஒன்றுமில்லாத அந்த ஒப்புதல் அடுத்த ஆண்டு வரும் அதே வகை டோக்கனையும் எடுக்கவல்லது.

இந்தியாவில் வாழும் பயனருக்கு, முதல் போடாததற்கு வரியில்லை என்னும் கூற்றும் பொருந்தாது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 115பிபிஎச் பிரிவு, மெய்நிகர் டிஜிட்டல் சொத்தை விற்பதில் வரும் ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரியும் அதன்மேல் கூடுதல் தீர்வையும் விதித்தது. ஒன்றில் வந்த இழப்பை மற்றொன்றின் ஆதாயத்தில் கழிக்கவும் அது இடம்தரவில்லை. 

ஏதேனும் தவறினால் வாலட்டை 'டிஸ்கனெக்ட்' செய்துவிட்டால் போதும் என்பது எஞ்சியிருக்கும் ஆறுதல். அந்தப் பொத்தான் தளத்துக்கும் உலாவிக்கும் இடையிலான தொடர்பை மட்டுமே துண்டிக்கிறது; பிளாக்செயினில் பதிந்த ஒப்புதல் அங்கேயே இருக்கும். அதை நீக்க ஈதர்ஸ்கேனின் ஒப்புதல் சரிபார்ப்புப் பக்கத்திலோ ரிவோக் கேஷ் போன்ற தளத்திலோ அந்தக் குறிப்பிட்ட ஒப்புதலைத் தேடி, அளவைச் சுழியமாக்கும் பரிவர்த்தனையைக் கேஸ் கட்டணம் செலுத்திப் பதிய வேண்டும். மாறாக, வெளியே போனது ஒப்புதல் அல்ல, மீட்புச் சொற்களே என்றால், நீக்குவதற்கு எதுவுமில்லை. உள்ளே வரும் ஈதரை நொடியில் உருவிக்கொள்ளும் தானியங்கி நிரலைத் திருடர்கள் அங்கே நிறுத்தியிருப்பது வழக்கமாதலால், எஞ்சியதைப் புதிய சொற்களால் உருவாக்கிய வாலட்டிற்கு மாற்றிவிட்டுப் பழையதைக் கைவிட வேண்டும். இழந்ததை மீட்டுத் தருவதாகக் கட்டணம் கேட்டுத் தனிச்செய்தியில் வருபவர்களைப் பொறுத்தவரை, அவர்களும் அதே சந்தையில் கடை விரித்தவர்களே. இந்தியாவில் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணில் முறையிடும்போது பரிவர்த்தனைக் குறியீட்டெண்ணையும் திருடனின் முகவரியையும் சேர்த்துத் தர வேண்டும். களவுபோன டோக்கன், வாடிக்கையாளரின் அடையாளத்தைப் பதிவுசெய்யும் பரிமாற்றகம் ஒன்றை வந்தடைந்தால், அந்தக் கணக்கை முடக்கக் கோருவதற்கு அவ்விரண்டுமே காவல்துறைக்குப் பயன்படும்.