கல்லாவில் ஏறாத கணக்கு

ஒரு நெய் ரோஸ்ட், ஒரு செட் பூரி, கூடவே வடைகறி. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போய்விடுகிறீர்கள். தட்டில் ஒட்டியிருந்த எண்ணெய் எங்கே போகிறது என்று என்றைக்காவது யோசித்ததுண்டா?

நான் கேட்பது வாணலியில் மிஞ்சும் எண்ணெயைப் பற்றியல்ல. அதை வாங்க ஆள் இருக்கிறது. பயோடீசல் தயாரிக்க அதைச் சேகரிக்கும் திட்டத்தை மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் கொண்டுவந்தது. அதற்கு முன்பும் அது வீணாகவில்லை. டின்களில் ராத்திரிக் கடைகளுக்குப் போனது ஊரறிந்த ரகசியம். காசு பெறுகிற எண்ணெய் தொலைவதில்லை சார்!

காசு பெறாத எண்ணெய்தான் வம்பு. தட்டிலும் குருமா குண்டானிலும் ஒட்டிக்கொண்டிருந்து, சோப்புத் தண்ணீரோடு குழாயில் இறங்குவது. அதைப் பிடிக்க 'கிரீஸ் டிராப்' என்று ஒரு பெட்டி உண்டு. பெரிய வித்தை ஒன்றுமில்லை. உள்ளே தடுப்புகள் இருக்கும். தண்ணீர் வேகம் குறைந்து நிற்கும்போது எண்ணெய் மேலே மிதக்கும், பருக்கை அடியில் தங்கும், நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும் தெருக்குழாய்க்குப் போகும். மிதப்பதும் தங்குவதும் சேர்ந்து பெட்டியில் கால்வாசி ஆனதும் அள்ளிவிட வேண்டும். அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' நடப்பதில்லை என்பதுதான் என் கோபம். வாசலில் கிரானைட், உள்ளே ஏ.சி., அடுப்படியில் மாதக்கணக்காக மூடி திறக்காத பெட்டி. அடைத்துக்கொண்டால் கொதிக்கக் கொதிக்க வெந்நீரும் காஸ்டிக் சோடாவும். அடைப்பு போய்விடும். எங்கே போகும்? தெருவுக்கு!

நம்ம ஊர் வெயிலில் எண்ணெய் எப்படி உறையும் என்பீர்கள். ஆறி உறைவது மட்டுமல்ல விஷயம். சாக்கடையில் எண்ணெய் சிதைந்து கொழுப்பு அமிலமாகிறது. தண்ணீரிலும் சிமென்ட் குழாயிலும் இருக்கிற சுண்ணாம்புச் சத்தோடு அது சேர்ந்தால் கல் மாதிரி இறுகிய சோப்பு. லண்டனில் ஒயிட்சேப்பல் பகுதியில் 2017-ல் இப்படி ஒரு கட்டி அகப்பட்டது. 250 மீட்டர் நீளம், 130 டன். பாதுகாப்பு உடை போட்டவர்கள் வாரக்கணக்கில் உடைத்தார்கள். ஒரு துண்டை மியூசியத்தில்கூட வைத்தார்கள்.

இங்கே யார் உடைப்பது? வாரியத்திடம் இயந்திரம் இருக்கிறது. அதற்கு மசியாத அடைப்புக்குத்தான் ஆளைத் தேடுகிறார்கள். அடைப்புக்குப் பின்னால் தேங்கி அழுகும் கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். வாயு அதிகமானால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இன்னொரு படி இறங்குவார் அந்த மனிதர்.

2019 ஜூனில் குஜராத்தின் வதோதரா மாவட்டத்தில் ஒரு ஓட்டலின் செப்டிக் டேங்கில் ஏழு பேர் செத்தார்கள். மூன்று பேர் ஓட்டல் ஊழியர்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கக் கூடாதென்று 2013-லேயே சட்டம் இருக்கிறது. சாக்கடையில் செத்தால் பத்து லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. 2023-ல் அதை முப்பது லட்சமாக்கியது. உயிரின் ரேட் ஏறுகிறது, பெட்டியின் மூடி மட்டும் திறப்பதில்லை.

"வரி கட்டுறோமே, கார்ப்பரேஷன் பார்த்துக்கட்டும்" என்பார் முதலாளி. லாபம் கல்லாவுக்கு, கொழுப்பு தெருவுக்கா? தட்டைக் கழுவுமுன் வழித்துக் குப்பையில் போடவும், பெட்டியை அள்ளவும் ஆகிற செலவு கரன்ட் பில்லுக்குப் பக்கத்தில் நிற்குமா? லைசென்ஸ் புதுப்பிக்க வருகிறவரிடம், அள்ளிய தேதியும் அள்ளியது எங்கே போனது என்பதும் எழுதிய நோட்டைக் கேட்கட்டும் மாநகராட்சி. நோட்டு இல்லையா, லைசென்ஸும் இல்லை.

அதுவரை நீங்கள் கேட்கலாம். பில் கொடுக்கும்போது, "பெட்டியைக் கடைசியா எப்ப அள்ளினீங்க?" என்று ஒரு வார்த்தை. மேனேஜர் முறைப்பார். சாம்பாரில் உப்பு இல்லையென்றால் அவரைக் கூப்பிட்டுச் சத்தம் போடுகிறீர்களே, அதே குரலில் கேளுங்கள்.