அப்பாவின் கையெழுத்து எதற்கு?

2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் பதினேழரை வயதிலேயே படையில் சேரலாம். பதினெட்டு நிறையாத பையன் என்றால் படிவத்தில் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும். நான் எதிர்ப்பது ராணுவத்தை அல்ல, அந்தக் கையெழுத்தை.

பதினெட்டில்தான் மேஜர் என்று 1875-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதற்கு முன் ஓட்டு இல்லை. கியர் வண்டிக்கு லைசென்ஸ் இல்லை. அப்பா கையெழுத்துப் போட்டாலும் கிடைக்காது. துப்பாக்கிக்கு மட்டும் அந்தக் கையெழுத்து போதுமாம்!

இது நம் நாட்டு வழக்கம் மட்டுமல்ல. நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த புதுச்சேரியில், பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களைச் 'சொல்தா' என்போம். அந்நாட்டின் அயல்நாட்டவர் படையிலும் இதே பதினேழரை, இதே பெற்றோர் அனுமதிதான்.

2000-இல் ஐ.நா. ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தது. 2005-இல் இந்தியாவும் அதை ஏற்றது. பதினெட்டுக்குக் கீழே சேர்ப்பதானால், பெற்றோர் விவரம் அறிந்து சம்மதிக்க வேண்டும் என்கிறது அது. மன்னவனூரில் பூண்டு போடும் தகப்பனுக்கு அந்த விவரத்தை யார் சொல்வது? வேலை நான்கே ஆண்டு. அதன்பின் நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரம். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சத்துடன் வீடு திரும்ப வேண்டும்; பென்ஷன் கிடையாது. பென்ஷனில் சாப்பிடும் குமாஸ்தா நான். அந்தச் சொல்லின் எடை எனக்குத் தெரியும்.

ஆண்டுக்கணக்கில் படிவங்களைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: 'பெற்றோர் கையொப்பம்' என்ற கட்டத்தை யாரும் படித்துவிட்டு நிரப்புவதில்லை. பையன் காட்டும் இடத்தில் அப்பா போடுவார். மறுத்தால் பிள்ளையின் பிழைப்பைக் கெடுத்தவர் என்ற பழி. போட்டபின் ஏதாவது நேர்ந்துவிட்டால், 'நான்தானே கையெழுத்துப் போட்டேன்' என்று காலமெல்லாம் அழ வேண்டியவரும் அவரே. பொறுப்பு அரசிடமிருந்து அவர் தலைக்கு மாறிவிடுகிறது.

பயிற்சி முடிவதற்குள் பதினெட்டு ஆகிவிடுமே என்பார்கள். சரி, அப்படியானால் பதினெட்டிலேயே சேர்த்துக்கொள்ளுங்களேன்! ஆறு மாதம் பொறுத்தால் எல்லை என்ன, நகர்ந்தா போய்விடும்?

பையன் முடிவெடுக்கும் வயதை எட்டியவன் என்றால் அவன் கையெழுத்தே போதும். எட்டாதவன் என்றால் யார் கையெழுத்தும் அவனை ஒரு நாள்கூட வளர்த்துவிடாது. வயதைப் பதினெட்டாக்கி, அந்தக் கட்டத்தைப் படிவத்திலிருந்தே எடுத்துவிடுங்கள்.

இந்த மலையிலிருந்து படைக்குப் போக ஆசைப்படும் பேரன் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். போகட்டும், தடுக்காதீர்கள். தன் கையெழுத்தைத் தானே போடும் நாள்வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.