பொதட்டூர்பேட்டைக்கு ஏற்ற புல் எது?

புல் என்றால் களை என்றும், புற்றரை என்றால் மலைவாசஸ்தலத்துப் பச்சைக் கம்பளம் என்றும் எண்ணும் வழக்கம் நம்மவரிடையே வேரூன்றிவிட்டது. உதகமண்டலத்து அரசினர் தாவரவியல் பூங்காவைக் கண்டு திரும்புவோர், அத்தகைய தரை தம் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்திலும் அமைய வேண்டுமென்று விரும்புவது இயல்பே. அவ்விருப்பத்தை நம்பி, ரைப் புல், பெஸ்க்யூ, கென்டக்கி நீலப்புல் முதலிய குளிர்தேசப் புற்களின் விதையைப் பொட்டலங்கட்டி விற்போரும் உளர். பொதட்டூர்பேட்டைச் சுற்றுவட்டத்து நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் அவ்விதைக்குப் பணங்கொடுக்குமுன் சற்று நிதானிப்பது உசிதம்.

மேற்கூறிய புற்கள் 15 முதல் 24 டிகிரி சென்டிகிரேட் வரையுள்ள உஷ்ணத்திலேயே செழிப்பவை. உதகையோ கடல் மட்டத்திற்கு 2,200 மீட்டருக்கு மேற்பட்ட ஸ்தலம். நமக்கு அண்மையிலுள்ள திருத்தணியில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். உஷ்ணம் மிகுந்தால் இக்குளிர்புற்களின் இலை, கரியமிலவாயுவை ஏற்க வேண்டிய இடத்தில் பிராணவாயுவையும் ஏற்று, தான் சமைத்த உணவில் ஒரு பகுதியைத் தானே வீணாக்குகின்றது, வேரும் குன்றுகின்றது. தண்ணீரை எவ்வளவு இறைத்தாலும் இக்குறை தீராது. உஷ்ணத்தில் ஈரம் தேங்கினால் பூஞ்சாண நோய்தான் மிகும்.

இதில் ஏமாற்றத்திற்கு இடமளிப்பது மார்கழி மாதம். கார்த்திகையில் விதைத்த ரைப் புல் ஒரு வாரம் பத்து நாளில் முளைத்து, மார்கழிப் பனியில் கண்ணைப் பறிக்கும் பசுமை காட்டும். பங்குனியில் பழுத்து, சித்திரையில் சருகாகும். அதற்குள் விதைக்குரிய பட்டியல் பணம் பட்டுவாடா ஆகியிருக்கும்! பஞ்சாப் முதலிய வடநாட்டுப் பிரதேசங்களில் குளிர்காலத் தீவனமாக ரைப் புல்லைப் பயிரிடுகின்றனர். அங்கே அது தன் பருவத்தில் தக்க பயன் தருகின்றது. நீலகிரியில் பரவியுள்ள கிக்குயுப் புல்லுங்கூடக் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தது; அதையும் இங்கே கொணர்ந்து பார்ப்பதில் பிரயோஜனமில்லை.

புல்லை இனங்காண நுண்ணிய கருவி வேண்டுவதில்லை. நூலைத் தொட்ட மாத்திரத்தில் அதன் தரத்தைச் சொல்லும் நெசவாளர் நிறைந்த ஊரில், விரல் நுனியின் அறிவைப் பற்றி விளக்கவும் வேண்டா. இலையும் தண்டைச் சுற்றிய உறையும் கூடுமிடத்தை மெல்ல விரித்துப் பார்க்க வேண்டும். அருகுக்கு அவ்விடத்தில் நுண்மயிர் வரிசை காணும். ரைப் புல்லுக்கும் நீலப்புல்லுக்கும் மெல்லிய சவ்வு காணும். ரைப் புல்லின் இலையடி எண்ணெய் பூசினாற்போல் மினுங்கும். நீலப்புல்லின் இலைநுனி ஓடத்தின் முனைபோல் குவியும். ரைப் புல் தூர்கட்டி நிற்குமேயன்றி ஓடிப் படராது. ஆதலால் ஒரு தூர் மாண்டால் அவ்விடம் சொட்டையாகவே கிடக்கும். அருகோ தரைமேலும் தரைக்குள்ளும் ஓடி, கணுதோறும் வேரூன்றி, அச்சொட்டையைத் தானே மூடிவிடும்.

அருகோடு கோரையைச் சேர்த்துக் குழப்புவதே இப்பக்கத்தில் பெரிய தவறு. தெலுங்கு பேசும் குடியானவர் ஒன்றைக் கரிக்க என்றும் மற்றொன்றைத் துங்க என்றும் பிரித்தே வழங்குகின்றனர். கோரையின் பூத்தண்டை விரலிடையே உருட்டினால் மூன்று பட்டை உறுத்தும். அதன் கிழங்கு மண்ணுள் இருக்குமளவும் மேலே அறுப்பதால் பயனில்லை. கோடையுழவினால் கிழங்கை வெயிலில் காயவைத்தும், சணப்பை அல்லது தக்கைப்பூண்டின் அடர்ந்த நிழலால் நசுக்கியுமே அதை அடக்க இயலும். புற்றரைக்கென்று வெளியிலிருந்து மண் கொணர்வோர், வண்டியை இறக்குமுன் அதில் கோரைக்கிழங்கு உண்டா என்று சல்லடையிட்டுப் பார்ப்பது அவசியம்.

வேர்க்கடலைக் கொல்லையை அருகு பாழாக்குகின்றதே என்ற ஆட்சேபம் நியாயமானது. கொல்லைக்குள் அது களையே. ஆயினும் அந்தக் கோபத்தினால் வரப்பையும் ஏரிக்கரையையும் மொட்டையாகச் செதுக்குவதும், களைக்கொல்லி தெளித்துக் கருகவிடுவதும் பேதைமை. ஐப்பசி மழையில் கரைந்து வாய்க்காலில் சேர்வது அவரவர் மண்ணே. வரப்பின் உட்புறத்தை உழவுக்கு முன் ஒரு சாண் ஆழத்திற்கு மண்வெட்டியால் வெட்டி, ஓடுகொடிகளைப் பொறுக்கியெடுத்தால் அருகு எல்லைக்குள் நிற்கும். பொறுக்கிய கொடி மாட்டுக்குத் தீனியாகும்.

மைதானத்திற்கும் அருகே போதும். இரண்டு மூன்று கணுவுள்ள கொடித்துண்டுகளை ஆடி, ஆவணி மழையில் நான்கங்குல இடைவெளியில் நட்டால் பெருமழைக்கு முன் வேர் பிடிக்கும். பிறகு ஒன்றரை அங்குல உயரத்தில் நிறுத்தி வெட்டவேண்டும். ஒரு வெட்டில் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைத்தல் ஆகாது. தினந்தோறும் தெளிப்பதைவிட இடைவிட்டு ஆழ நனைப்பதே வேருக்கு நன்று. மாமரத்து நிழலில் மாத்திரம் இது தேறாது. அங்கே வெறுந்தரையாக விட்டுவிடலாம். மேய்ச்சல் புறம்போக்கிற்குக் கொழுக்கட்டைப் புல் ஏற்றது. அதன் விதையை முதல் மழைக்குத் தூவி, வேரூன்றும்வரை மாடுகளை விலக்கி வைக்கும் பொறுப்பைக் கிராம அதிகாரிகள் ஏற்க வேண்டும்.