கறையான் அரித்த வீடு: இழப்பு யாருடையது?

தில்லிக்குப் பருவமழை வந்து சேரும் வழக்கமான நாள் ஜூன் 27. முதல் நல்ல மழை பெய்ததும் மோதி பாக் குடியிருப்புகளில் விளக்கைச் சுற்றி ஈசல் மொய்க்கும். மறுநாள் காலை உதிர்ந்த சிறகுகளைப் பெருக்கித் தள்ளிவிட்டு எல்லோரும் அலுவலகம் கிளம்பிவிடுவார்கள். சிறகுகள் வாசலில் கிடந்தால் கவலை குறைவு. சன்னல் சாத்திய அறைக்குள், ஒரே மூலையில் குவிந்து கிடந்தால், அந்தச் சுவருக்குள்ளோ தரைக்கடியிலோ முதிர்ந்த கறையான் கூட்டம் ஒன்று குடியிருக்கிறது என்று பொருள். ஈசலைப் பறக்கவிடும் அளவுக்கு ஒரு கூட்டம் வளர ஆண்டுகள் ஆகும்.

மோதி பாக்கிலும் அதையொட்டிய பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் நலச்சங்கம் இது பற்றிய தன் நிலைப்பாட்டை இங்கே வெளியிடுகிறது. கறையான் சேதம் நிலநடுக்கம் போல யார் கையிலும் இல்லாத நிகழ்வு அன்று. அது இருப்பதை அறிந்திருந்தவர், அறிந்திருக்க வேண்டியவர், தடுப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கியவர் என யாராவது ஒருவர் பெரும்பாலும் இருக்கிறார். இழப்பில் அவர் பங்கை அவரே ஏற்க வேண்டும். கடைசியாக அந்த வீட்டில் குடியிருந்தவர் தலையில் முழுவதையும் கட்டுவதைச் சங்கம் ஏற்கவில்லை.

இதை மோதி பாக்கிலிருந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. இது அரசு ஊழியர்களின் குடியிருப்புப் பகுதி. தில்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று இங்கே இருப்பதால், மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் வீடு கிடைத்தால் விரும்பி ஏற்கின்றன. கொலுப்படி, பூஜை மண்டபம், பெட்டி பெட்டியாகப் புத்தகம், சான்றிதழ்க் கோப்பு எல்லாம் ஊரிலிருந்து கூடவே வருகின்றன. சில ஆண்டுகளில் அடுத்த மாற்றல் வந்துவிடும். எந்த அலமாரிக்குப் பின்னால் மண் ஏறியது, எந்த நிலைக்கால் மாற்றப்பட்டது, எப்போது மருந்து அடித்தார்கள் என்பதெல்லாம் காலி செய்தவரோடு போய்விடுகிறது. புதிதாக வந்தவர் அதே சுவரில் அதே இடத்தில் தன் புத்தக அலமாரியைச் சாத்துகிறார்.

முதலில் அடையாளம் காண்பது. வட இந்தியக் கட்டடங்களைப் பாழாக்குபவை பெரும்பாலும் நிலத்தடிக் கறையான்கள்: ஹெட்டரோடெர்மிஸ், காப்டோடெர்மிஸ், ஒடோன்டோடெர்மிஸ் இனங்கள். வெளிச்சத்திலும் வறண்ட காற்றிலும் அவை தாக்குப்பிடிக்காது. ஆகவே மண்ணையும் உமிழ்நீரையும் குழைத்து, பென்சில் தடிமனில் குழாய் கட்டி அதற்குள்ளேயே போய்வரும். அந்த மண்கோட்டைத் தேட வேண்டிய இடங்கள் வரவேற்பறையில் இல்லை. குளியலறைச் சுவரின் மறுபக்கம், கதவு நிலையின் அடிப்பகுதி, மின்கம்பிக் குழாய் சுவருக்குள் நுழையும் இடம், மாடிப்படிக்கு அடியில் உள்ள பரண், இவைதான். தில்லிக்காரர்கள் சீலன் என்று சொல்லும் ஈரக்கசிவு எங்கே இருக்கிறதோ அங்கே தீமக், அதாவது கறையான், வரும். கோடை முழுக்க சன்னலில் நிற்கும் கூலரிலிருந்து சொட்டும் நீரும் இதில் சேர்த்தி.

மரத்தின் வெளித்தோற்றத்தை நம்ப முடியாது. கறையான் உள்ளே ரேகையோடு ரேகையாகத் தின்றுகொண்டே போகும். மேலே பெயின்ட் பூச்சு மட்டும் அப்படியே நிற்கும். திருப்புளிக் கட்டையால் தட்டினால் பொள்ளல் ஓசை வரும், கட்டைவிரலால் அழுத்தினால் உள்வாங்கும். கறையான் அரித்த கதவு போலவே, மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பிய கதவும் இறுகும்தான். ஆனால் அக்டோபரில் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அரிக்கப்பட்ட கதவு திரும்பாது.

இன்னொரு வேறுபாடு பணத்தோடு சம்பந்தப்பட்டது. வட்டமான சிறு துளைகளும் மாவு போன்ற தூளும் தெரிந்தால் அது மரத்தைத் துளைக்கும் வண்டின் வேலை, நாம் உளுத்துப்போனது என்று சொல்வது. நிலத்தடிக் கறையான் தூள் உதிர்ப்பதில்லை, தின்ற இடத்தில் மண்ணை அடைத்து வைக்கும். பல ஒப்பந்தங்களில் 'கறையான் ஒழிப்பு' என்று மட்டுமே எழுதியிருக்கும். வண்டு அரித்த கட்டிலைக் காட்டி அந்த ஒப்பந்தத்தின்பேரில் இழப்பீடு கேட்டால் கோரிக்கை நிற்காது. எது அரித்தது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது முதல் வேலை.

கண்டதும் துடைப்பத்தால் குழாயைத் தட்டிவிடுவது எல்லோரும் செய்வது. அதனால் கூட்டம் அழியாது, சாட்சியம்தான் அழியும். தேதியோடு படம் எடுத்துவிட்டு, குழாயின் நடுவில் ஒரு விரல் நீளம் மட்டும் உடைத்துப் பார்க்கலாம். சில நாட்களில் அது மீண்டும் கட்டப்பட்டால் உயிருள்ள கூட்டம் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. அதன்பின் எழுத்தில் புகார், அதற்கு ஒரு பதிவு எண். தொலைபேசியில் சொன்னது எந்த நுகர்வோர் ஆணையத்தின் முன்னும் எடுபடுவது கடினம்.

சட்டம் வெறுங்கையோடு விடவில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55இல் விற்பவர் மீதும், பிரிவு 108இல் வாடகைக்கு விடுபவர் மீதும் ஒரு கடமையைச் சுமத்துகிறது. தனக்குத் தெரிந்த, எதிர்த்தரப்பு சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையைச் சொல்லியாக வேண்டும். புதுப் பெயின்ட் அடித்து மறைக்கப்பட்ட, கறையான் அரித்த கதவு நிலைக்கு இதைவிடப் பொருத்தமான விவரிப்பு கிடையாது. புதிதாகக் கட்டி விற்கப்படும் வீடென்றால், 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் பிரிவு 14(3) இருக்கிறது. சாவி கொடுத்த ஐந்தாண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து முறையிட்டால், கட்டுநர் 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும், தவறினால் இழப்பீடு.

வாடகை வீட்டில் இருப்பவர் நிலை மோசம். 1958ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழுதுபார்ப்பு வீட்டுக்காரர் பொறுப்பு என்கிறது. அவர் தட்டிக்கழித்தால் ஆண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்குவரை செலவிட்டுக் கழித்துக்கொள்ளவும் விடுகிறது. ஆனால் மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டினால் அந்தச் சட்டமே பொருந்தாது. இன்று அருகிலுள்ள சத்ய நிகேதனில் அந்தத் தொகைக்கு ஓர் அறைகூடக் கிடைக்காது. எனவே வாடகை ஒப்பந்தத்திலேயே கறையான் குறித்து ஒரு வரி எழுதிக்கொள்ளும்படி சங்கம் கேட்டுக்கொள்கிறது.

மருந்து அடிப்பவரின் பொறுப்பில் சங்கம் சற்று உறுதியாகவே பேச விரும்புகிறது, ஏனென்றால் இங்கே அளவுகோல் அச்சில் இருக்கிறது. கட்டி முடித்த கட்டடங்களில் கறையான் தடுப்புக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 6313, மூன்றாம் பகுதி. மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலும் அந்த வழியிலேயே வேலையை விவரிக்கிறது: தரையில் 300 மில்லிமீட்டருக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை, துளைக்கு ஒரு லிட்டர் கரைசல், பிறகு சிமென்ட் கலவையால் அடைப்பு. சுவரோரம் தெளித்துவிட்டு அரைமணியில் கிளம்புவது இந்த வேலை அல்ல. தொழிலாகப் பூச்சி மருந்து அடிப்பவருக்குப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி உரிமம் வேண்டும். அதைக் கேட்டுப் பார்ப்பதில் கூச்சம் தேவையில்லை. 'அந்தக் காலத்து மருந்துதான் மருந்து' என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அந்த ஆல்ட்ரின், ஹெப்டாக்ளோர் வகைகள் மனித உடலுக்கும் மண்ணுக்கும் கேடு என்பதால் 1996இல் தடை செய்யப்பட்டன. அவை திரும்பி வருவதைச் சங்கம் விரும்பவில்லை.

உத்தரவாதக் காலத்துக்குள் கறையான் திரும்பி, நிறுவனமும் கைவிரித்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது சேவைக் குறைபாடு. குடியிருக்கும் மாவட்டத்திலேயே ஆணையத்தை அணுகலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணமே இல்லை. இரண்டு ஆண்டு கெடு. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முறையிட்டுப் பார்க்கலாம்.

காப்பீட்டை நம்பியிருப்பவர்கள் பாலிசியைப் படிக்க வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் 'பாரத் க்ருஹ ரக்ஷா' பாலிசி தீ, வெள்ளம், நிலநடுக்கம், கலவரம், தண்ணீர்த் தொட்டி உடைவது என ஆபத்துகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. கறையான் அதில் இல்லை.

பணத்தையும் கறையான் விடுவதில்லை. 2011இல் உத்தரப் பிரதேசம் பாரபங்கி மாவட்டத்தில் ஒரு பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில் சுமார் ஒரு கோடி ரூபாய் நோட்டுகளைக் கறையான் தின்றது. 2023இல் மொராதாபாதில் ஒரு பெண் மகள் திருமணத்துக்காக வங்கி லாக்கரில் வைத்திருந்த 18 லட்சம் போனது. லாக்கரில் ரொக்கம் வைப்பதே விதிக்கு மாறு. தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றுக்கு ஆண்டு வாடகையின் நூறு மடங்குவரை வங்கி பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2021இல் வகுத்ததிலும் கறையானின் பெயர் இல்லை. தமிழ்நாட்டில், 2025இல் திருப்புவனம் அருகே ஒரு கூலித் தொழிலாளர் குடும்பம் பிள்ளைகளின் காதணி விழாவுக்கு மண்ணில் புதைத்துச் சேர்த்த ஒரு லட்சம் அரிக்கப்பட்டது. நடிகர் ராகவா லாரன்ஸ் அந்தத் தொகையைக் கொடுத்து உதவினார். மனமார்ந்த உதவி அது. செய்தியாகாத குடும்பத்துக்கு அப்படி ஒருவர் வரமாட்டார் என்பதால்தான் முறையான வழி தேவைப்படுகிறது.

ஒரு வழி ஏற்கெனவே உண்டு. அரிக்கப்பட்ட நோட்டை வீசிவிடக் கூடாது. ஐம்பது ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நோட்டில், ஒரே துண்டாக 80 விழுக்காட்டுக்கு மேல் மிஞ்சியிருந்தால் முழு மதிப்பு கிடைக்கும், 40 முதல் 80 விழுக்காடு என்றால் பாதி. வங்கிக் கிளையில் மாற்றலாம்.

அரசுக் குடியிருப்பில் நிலைக்காலை மாற்றித் தருவது பராமரிப்பில் அடங்குகிறது. உள்ளே போன புத்தகத்தையும் சான்றிதழையும் பற்றி யாரும் கேட்பதில்லை. சங்கம் கோருவது இதுதான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கறையான் பதிவேடு வேண்டும்: எங்கே கண்டது, எப்போது எந்த மருந்து, யார் அடித்தது, எதுவரை உத்தரவாதம். வீடு கைமாறும்போது சாவியோடு அதன் நகலும் வர வேண்டும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வீடு வாங்குமுன் கறையான் ஆய்வறிக்கை கேட்பது சாதாரண நடைமுறை. இங்கே பராமரிக்கும் அலுவலகம் ஒன்றே என்பதால் இது இன்னும் எளிது. ஒரு வீட்டில் புகார் வந்தால் அதே சுவரையும் குழாயையும் பகிரும் மேல், கீழ், பக்கத்து வீடுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஒரு கதவோடு நிறுத்தக் கூடாது. எழுத்தில் புகார் கொடுத்த பிறகு, நடவடிக்கை தாமதமான காலத்தில் அழிந்த உடைமைக்கு ஒரு குறைந்தபட்ச ஈட்டுத்தொகை நிர்ணயிக்கப்பட வேண்டும்.

எல்லாக் கோரிக்கையையும் சங்கம் ஆதரிக்காது. மண்கோட்டைப் பார்த்தும் மாதக்கணக்கில் புகார் கொடுக்காதவர், கூலர் நீரைச் சுவரில் வழியவிட்டவர், மருந்து அடிக்க வந்தவருக்கு அலமாரியை நகர்த்தித் தர மறுத்தவர் ஆகியோர் தங்கள் பங்கைத் தாங்களே ஏற்க வேண்டும். பதிவேட்டின் மாதிரிப் படிவத்தைத் தமிழிலும் இந்தியிலும் சங்கம் தயாரித்து வருகிறது. அடுத்த பருவமழைக்கு முன் உறுப்பினர்கள் தங்கள் வீட்டின் நிலைக்கால்கள், பரண், குளியலறையை ஒட்டிய சுவர் ஆகியவற்றைப் பார்த்து அதை நிரப்பித் தர வேண்டும். அந்தப் படிவங்களின் தொகுப்போடு இந்த அறிக்கை பராமரிப்பு அலுவலகத்திடம் அளிக்கப்படும்.