ஒரே ஓர் எஞ்சின்



1969-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மனிதன் சந்திரனில் கால் பதித்த வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். அவன் அங்கு இறங்கியதையே உலகம் கொண்டாடுகிறது. அங்கிருந்து புறப்பட்டதைப் பற்றிப் பேசுவார் அரிது. ஆயினும் அப்பயணத்தில் நெஞ்சை நடுங்கச் செய்த கட்டம் அதுவேயாகும்.

நீல் ஆம்ஸ்ட்ராங்கும் எட்வின் ஆல்டிரினும் சந்திரத் தரையில் ஏறத்தாழ 21 மணி 36 நிமிடங்கள் தங்கினர். அவர்களை மேலே தூக்கிச் செல்ல இருந்தது ஒரே ஓர் எஞ்சின். அதற்கு மாற்று கிடையாது. எனவே அதனை இயன்றவரை எளிமையாகவே அமைத்திருந்தார்கள். எரிபொருளை இறைக்கப் பம்பு இல்லை. ஹீலியம் வாயுவின் அழுத்தமே அதைத் தள்ளும். தீப்பொறியும் வேண்டியதில்லை, இரு திரவங்கள் ஒன்றையொன்று தொட்ட மாத்திரத்தில் எரியும். ஆனால் அத்திரவங்கள் அரிக்கும் தன்மை உடையவை. ஆதலால் பறக்கவிருந்த அதே எஞ்சினை முன்கூட்டி எரித்துப் பார்க்க இயலவில்லை.

இது போதாதென்று, அந்த எஞ்சினுக்குரிய மின்விசை ஒன்று ஒடிந்து கலத்தின் தரையில் கிடப்பதை ஆல்டிரின் கண்டார். பின்னர், தம்மிடமிருந்த பேனாவைத் துளையில் நுழைத்து அதை அழுத்தினார். எத்தனை ஆயிரம் பேருடைய உழைப்பு, ஒரு பேனா முனையில்!

மேலே தாய்க்கலத்தில் மைக்கேல் காலின்ஸ் தனியே சுற்றிக்கொண்டிருந்தார். சந்திரனின் மறுபுறம் செல்லும்போதெல்லாம் ஏறத்தாழ 48 நிமிடங்களுக்குப் பூமியின் குரலும் கேட்காது. தோழர் இருவரையும் விட்டுவிட்டுத் தாம் மட்டும் வீடு திரும்ப நேரிடுமோ என்பதே ஆறு மாதங்களாகத் தம்மை உள்ளூர வாட்டிய அச்சம் என்று அவர் பின்னாளில் எழுதினார்.

அவ்வச்சம் அவருக்கு மட்டும் உரியதன்று. ஜனாதிபதி நிக்சனுக்கு உரைகள் எழுதிவந்த வில்லியம் சஃபயர், ஜூலை 18 எனத் தேதியிட்டு ஒரு குறிப்பை ஆயத்தம் செய்திருந்தார். வீரர்கள் எழும்ப இயலாமற்போனால், ஜனாதிபதி முதலில் அவர்தம் மனைவியரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். பிறகு நாட்டு மக்களுக்கு உரையாற்ற வேண்டும். வீரர்களுடன் தொடர்பு நிறுத்தப்படும் வேளையில், கடலில் இறந்தோரை அடக்கும் முறைப்படி ஒரு குருவானவர் சடங்கு நடத்தி, ஆண்டவர் கற்பித்த செபத்துடன் முடிக்க வேண்டும்.

இந்த வரியை என்னால் எளிதில் கடந்து செல்ல முடியவில்லை. அடக்கச் சடங்குகள் எத்தனையோ நடத்தியவன் நான். சாகும் தறுவாயில் இருப்போருக்கென நோயில் பூசுதலையும் இறுதி நற்கருணையையும் திருச்சபை நமக்குத் தந்திருக்கிறது. ஆனால் மூச்சு விட்டுக்கொண்டு, தெளிந்த அறிவோடு அமர்ந்திருக்கும் இருவரை அடக்கம் செய்ய எந்தச் சடங்கு நூலிலும் செபம் இல்லை. அக்குருவானவர் எச்சபையினராயினும் அவர் நா தடுமாறியிருக்கும்.

ஜூலை 21 அன்று எஞ்சின் பற்றிக்கொண்டது. சுமார் ஏழு நிமிடங்கள் எரிந்தது. பயன்படாத அக்குறிப்பு 1999-இல்தான் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது.

இரு கலங்களும் இணைந்து கதவு திறந்தபோது முதலில் ஆல்டிரின் சிரித்தபடி நுழைந்தார். காணாமற்போன மகனைக் கண்ட தந்தையைப்போல் காலின்ஸ் அவர் தலையை இரு கைகளாலும் பற்றி நெற்றியில் முத்தமிடப் போனாராம். பிறகு வெட்கம் மேலிட, கையைக் குலுக்குவதோடு நிறுத்திக்கொண்டாராம்.